வாய் திறவாப் பெட்டி

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் ஒருமுறை தங்கள் வண்டியின் டிக்கியைத் திறந்து, மூலையில் கறுப்பு நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி திருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுகிறோம். தடித்த விவிலியம் ஒன்றைப் படுக்கவைத்தாற் போன்ற அளவில், முகப்பில் பக்கவாட்டாகத் தள்ளித் திறக்கும் சிறு கதவு ஒன்றுடன் அது காணப்படும். சாமான் ஏற்றுகையில் இடிபடுகிறது என்று ஓட்டுநர் சலித்துக்கொள்வாரே, அதுதான். அதன் பெயர் சி.டி. சேஞ்சர். முன்னால் இருந்த பாட்டுப் பெட்டியை என்றோ கழற்றிவிட்டுப் புதியது மாட்டியிருப்பார்கள். பின்னால் கிடப்பதைக் கழற்ற எவருக்கும் தோன்றியிராது. இணைப்பு அறுபட்ட நிலையில், ஆறு தகடுகளோ பத்துத் தகடுகளோ வயிற்றில் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்காக அது நம்மோடு பயணம் செய்துகொண்டிருக்கும்.

அப்படியொரு பெட்டியிலிருந்து ஆறு தகடுகளை வெளியே எடுத்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம். இதில் எழுத என்ன இருக்கிறது, கடையில் சில்லறைக் காசுக்கு விற்ற பொருள்தானே என்று வாசகர் வினவலாம். தகட்டின் விலை அவ்வளவே. தகட்டில் இருந்தது வேறு.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்ட செய்தி தமிழறிந்தோர் யாவரும் அறிந்ததே. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயில் நிலையம் சேரு முன்னரே அலையில் மறைந்தது. பாம்பன் பாலத்தின் தூலங்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. நடுவிலிருந்த தூக்குப் பகுதி தப்பியது. பின்னர் அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அறிவித்தது. இவை யாவும் ஏடுகளில் உள்ளன. அன்றிரவு அங்கிருந்து உயிர் தப்பிய எளிய மக்கள் என்ன கண்டார்கள், எப்படித் தப்பினார்கள் என்பது ஏடுகளில் மிகக் குறைவு.

அக்குறையைத் தம்மால் இயன்ற அளவு தீர்க்க முனைந்தார் தீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். புயலின் நாற்பதாம் ஆண்டாகிய 2004-இல் ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தங்கச்சிமடம், பாம்பன், இராமேசுவரம் என்று வீடு வீடாகச் சென்று, அப்போது எழுபதையும் எண்பதையும் கடந்திருந்த முதியோரைப் பேசவைத்துப் பதிவு செய்தார். அத்தோடு, வலை இழுக்கையிலும் தோணி தள்ளுகையிலும் பாடப்பட்ட அம்பாப் பாட்டுகளையும் அவர்களிடமிருந்தே வாங்கிக்கொண்டார். விசைப்படகு வந்தபின் அப்பாட்டுக்கு வேலை இல்லாது போயிற்று. வேலை போனபின் பாட்டு நெடுநாள் தங்காது. ஒலிநாடாக்களை இராமநாதபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துத் தகடுகளாக மாற்றினார். நாடாக்கள் உப்புக்காற்றிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடித்துக் குப்பைக்குப் போயின. வீட்டிலிருந்த பிளேயரும் பழுதாகவே, தகடுகள் காரில் குடியேறின. அவர் வண்டி ஓட்டும்போதெல்லாம் அவற்றையே கேட்டுக்கொண்டிருப்பாராம்.

2010-இல் அவர் காலமானார். மறு ஆண்டு நினைவு நாளுக்கு வளைகுடா நாட்டிலிருந்து வந்த மகன், தாயின் வசதிக்காகக் காரில் பென் டிரைவ் செருகும் புதிய செட் ஒன்றை மாட்டிவிட்டுச் சென்றார். நல்லெண்ணத்தில் செய்த செயல். தந்தையார் கேட்டுக்கொண்டிருந்தவை வேறெங்கும் படி இல்லாதவை என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

2024-இல் புயலின் அறுபதாம் ஆண்டை நினைவுகூர ஊரார் எண்ணியபோது, ஆசிரியர் எடுத்த பதிவுகள் எங்கே என்ற கேள்வி எழுந்தது. அவருடைய மனைவி அலமாரி, டிரங்குப் பெட்டி அனைத்தையும் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. வண்டியோட்டும் பையன்தான், "டிக்கியில ஒரு பெட்டி இருக்கே, அதுக்குள்ள இருக்குமோ?" என்றான். அம்மையார் நம்மிடம் வந்து, "அதுக்குள்ளதான் சாமி இருக்கு. எப்படியாவது எடுத்துக் கொடுங்க" என்றார். குருமடத்தில் பயின்ற காலத்தில் மற்றவர்களின் ஒலிநாடா சிக்கினால் பென்சிலைச் சக்கரத்தின் துளையில் விட்டுச் சுற்றி மீட்டுக் கொடுத்தவர் என்று நம்மைப்பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். பங்குத்தந்தையிடம் மக்கள் கொண்டுவரும் காரியங்களுக்கு எல்லை இல்லை.

பெட்டி நம்மிடம் வருவதற்குள் அது இருவரைக் கண்டிருந்தது. உள்ளூர் இளைஞர் ஒருவர் திருப்புளியால் நெம்பியதில் முகப்புக் கதவு உடைந்திருந்தது. மாநகரில் ஒரு கடைக்காரர் அதை மேசைமேல் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, தூக்கி எறியுங்கள், இல்லையேல் சுத்தியலால் உடைத்து எடுங்கள் என்றாராம். சுத்தியல் உடைப்பது பெட்டியை மட்டுமன்று என்பதை அம்மையார் உணர்ந்திருந்தபடியால் தகடுகள் தப்பின.

இங்கே அப்பெட்டியின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் 1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு, சில ஆண்டுகளிலேயே காருக்குள்ளும் நுழைந்தது. ஓடும் வண்டியில் தகடு மாற்றுவது தொல்லை. ஆகவே பல தகடுகளை ஓர் அடுக்கில் செருகி டிக்கியில் வைத்துவிட்டு, முன்னிருக்கையிலிருந்தே கட்டளையிடும் ஏற்பாடு தோன்றிற்று. அவ்வடுக்குக்கு மேகசின் என்று பெயர். ஆறு, பத்து, பன்னிரண்டு தகடு கொள்ளும் மேகசின்கள் இருந்தன. பாடவேண்டிய தகட்டை மட்டும் ஒரு கை அடுக்கிலிருந்து உருவும். அது சுழல்மேடையில் அமரும். மேலிருந்து ஒரு பிடிப்பான் அதை அழுத்திக்கொள்ளும். சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினாலும் பல பெட்டிகளில் அத்தகடு மேடையிலேயே இருக்கும். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து பாட வேண்டும் அல்லவா? அவ்வேளையில் எவரேனும் முன்னிருக்கும் செட்டைக் கழற்றிவிட்டால், வெளியே சென்ற தகடு அடுக்குக்குத் திரும்ப வழியில்லை. அது திரும்பாதவரை மேகசினைப் பிடித்திருக்கும் கொக்கி விடாது. ஒன்று வெளியே நிற்க, மற்ற ஐந்துக்கும் கதவடைப்பு.

பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்தால் ஆகாதா என்றால், சிலவற்றில் ஆகும். 12 வோல்ட் கிடைத்த மாத்திரத்தில் வெளித்தள்ளும் பொத்தான் உயிர் பெறும் பெட்டிகள் உண்டு. அவ்வழியையே முதலில் பார்க்க வேண்டும், இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து. வேறு சிலவோ முன்னிருக்கும் செட்டிலிருந்து விழித்தெழுமாறு கட்டளை வந்தாலொழிய அசையா. அக்கட்டளையும் எல்லாருக்கும் பொதுவானதன்று. சோனி தன் கருவிகளுக்கு யூனிலிங்க் என்றும், பயனியர் ஐ.பி. பஸ் என்றும், ஆல்ப்பைன் ஏ.ஐ. நெட் என்றும் தனித்தனி மொழி வகுத்திருந்தன. ஒருவர் செட் மற்றவர் பெட்டியோடு பேசாது. வாடிக்கையாளரைத் தம்மிடமே கட்டிப்போட வணிகர் கண்ட இந்த வழி நமக்கு என்றுமே உவப்பானதன்று. அதே நிறுவனத்தின் பழைய செட் ஒன்று கிடைத்தால் மாட்டிப் பார்க்கலாம் என்று பல ஊர்களில் விசாரித்தோம். கிடைக்கவில்லை.

ஆகவே பெட்டியோடு இராமநாதபுரம் சென்றோம். அரண்மனை வட்டாரத்துச் சந்து ஒன்றில் நாற்பது ஆண்டுகளாக ரேடியோ பழுது பார்க்கும் கீழக்கரைப் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். வால்வு ரேடியோ முதல் செல்பேசி வரை அவர் மேசையைக் கடந்து சென்றவை அனேகம். பெட்டியின் பின்புறத்து முட்களில் ஏறியிருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டித் துடைத்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். உள்ளே கேட்டும் கேளாததுமாக ஒரு 'டிக்' ஒலி, பிறகு மௌனம்.

"கெட்டுப்போன மாதிரி தெரியலை ஃபாதர். முன்னாடி செட்டு இல்லாததால சும்மா கெடக்குது. கையாலேயே சுத்திப் பாப்போம்" என்றார்.

"கையாலா, பாய்?"

"நம்ம பாம்பன் தூக்குப் பாலம் மாதிரி நெனச்சுக்குங்க. அது என்ன, கரண்டுலயா தெறந்துச்சு? ஆள்தானே சுத்துனான்."

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 1914-இல் திறக்கப்பட்டுப் புயலையும் தாங்கி நின்ற அப்பாலத்தின் ஷெர்சர் தூக்குப் பகுதியைக் கப்பல் கடக்கும்போதெல்லாம் இரு மருங்கிலும் பணியாளர் நின்று நெம்புகோல்களைச் சுற்றியே திறந்தார்கள். நூறு டன்களுக்கு மேற்பட்ட இரும்பு மனிதர் கைக்கு அசைந்ததற்குப் பற்சக்கரங்களே காரணம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் அவ்வேலையை மின்மோட்டார்கள் ஏற்றுக்கொண்டன. சி.டி. சேஞ்சரிலும் மோட்டாருக்கும் கைக்கும் நடுவே இருப்பவை பற்சக்கரங்களே. மோட்டார் சுற்றும் எதையும் விரலாலும் சுற்றலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

மேல்தகட்டைக் கழற்றுமுன் பாய் பெட்டியின் வெளிப்புறத்தில் இரண்டு துளைகளைக் காட்டினார். உள்ளே உள்ள இயந்திரம் நான்கு சுருள்வில்களின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. சாலைக் குலுக்கலில் பாட்டுத் தாண்டாதிருக்க அந்த ஏற்பாடு. பெட்டியைக் கழற்றி எடுத்துச் செல்லும்போது அது ஆடாதிருக்கப் பூட்டுத் திருகுகள் கொடுத்திருப்பார்கள். எவரும் அவற்றைப் பத்திரப்படுத்துவதில்லை. பொருத்தமான இரு திருகுகளைத் தம் தகர டப்பாவிலிருந்து பொறுக்கி முடுக்கினார். மிதந்தது நின்றது. வேலை செய்ய ஏதுவாயிற்று.

மூடி திறந்ததும் காரணமும் தெரிந்தது. மேடையிலிருந்த தகட்டின்மேல் ஸ்டுடியோக்காரர் ஒரு வட்டக் காகிதச் சீட்டு ஒட்டி, தேதியும் தலைப்பும் அச்சிட்டிருந்தார். அக்காலத்தில் பலரும் செய்த அலங்காரம் அது. காரில் போடும் தகட்டில் காகிதம் ஒட்டவேண்டாம் என்று கருவிகளோடு வரும் குறிப்பேடுகள் எச்சரித்தன, யார் படித்தார்கள்? நம் கரையின் கோடை வெயிலில் மூடிய டிக்கி அடுப்பாகிவிடும். பசை இளகி, சீட்டின் ஓரம் சுருண்டு எழுந்து, மேலே இருந்த பிளாஸ்டிக் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மின்சாரமும் கட்டளையும் இருந்திருந்தாலும் அத்தகடு தானாகத் திரும்பியிருக்குமா என்பது ஐயமே. வலுவாக இழுத்திருந்தால் சீட்டு உரிந்து, தகடும் பாழாகியிருக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். தகட்டின் உயிர் மினுமினுக்கும் அடிப்பக்கத்தில் இருப்பதாகப் பலரும் கருதி அதையே கண்போல் காக்கிறார்கள். அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கனத்தில் பிளாஸ்டிக் கவசம் உண்டு. பதிவு செய்யும் தகட்டில் சாயப் படலமும் அதன்மேல் வெள்ளிப் படலமும் இருப்பது எழுதுகிற மேற்பக்கத்தை ஒட்டியே. காப்பாக ஒரு மெல்லிய மெருகுப் பூச்சு மட்டும். மேலே ஒட்டிய சீட்டைப் பிய்த்தால் அதோடு வெள்ளியும் பிய்ந்து வரும். வந்த இடத்தில் ஒன்றும் இராது.

பாய் முதலில் ஒரு சவர பிளேடின் முனையால், மூச்சை அடக்கிக்கொண்டு, சீட்டைத் தகட்டிலிருந்து பிரிக்காமல் பிளாஸ்டிக் கையிலிருந்து மட்டும் அறுத்து விடுவித்தார். அதற்கே ஒரு மணி நேரம் சென்றது. இடையில் தேநீர் வந்து ஆறிப்போயிற்று. பின்னர், தகட்டை உருவும் மோட்டார் எது, அடுக்கை மேலும் கீழும் நகர்த்தும் மோட்டார் எது என்று பற்சக்கரங்களைத் தொடர்ந்து சென்று கண்டறிந்தார். உருவும் மோட்டாரின் இரு ஒயர்களையும் பலகையிலிருந்து பற்று இளக்கி எடுத்தார். வெளியிலிருந்து கொடுக்கும் மின்சாரம் பலகைக்குள் புகுந்து சில்லுகளைப் பொசுக்கிவிடக் கூடாதே என்பதற்காக. சாமணத்தின் நுனியால் பற்சக்கரத்தை ஒரு பல், இரு பல் என்று தள்ளினார். எந்தத் திசையில் தள்ளினால் பிடிப்பான் மேலே எழுகிறது என்று உற்றுப் பார்த்தோம். தவறான திசையில் தள்ளினால் அது இன்னும் இறுக அழுத்தும். திசை உறுதியான பிறகே இரண்டு பென்சில் பாட்டரிகளைச் சேர்த்து மோட்டாருக்குத் தொட்டும் தொடாமலும் 3 வோல்ட் காட்டினார். மோட்டார் முனகிற்று. பிடிப்பான் எழுந்தது. கை நகர்ந்தது. தகடு கால்பங்கு சென்று நின்றது. மறுபடி விரல், மறுபடி பாட்டரி. பிற்பகல் தொழுகைக்கான அழைப்பு ஒலித்தபோது அது அடுக்குக்குள் முழுதும் சென்று அமர்ந்திருந்தது. கொக்கி தானே விலக, மேகசின் ஓர் அங்குலம் வெளியே வந்து நின்றது. பாய் அதைத் தொடாமல், "நீங்களே எடுங்க ஃபாதர்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு எழுந்து சென்றார்.

ஆறில் ஒன்று பழைய திரைப்பாடல்கள். இரண்டு அம்பாப் பாட்டு. மூன்று தனுஷ்கோடி.

தகடுகளை நீரில் நனைத்த மென்மையான பருத்தித் துணியால் துடைத்தோம். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாக, வட்டமாக அன்று. தகட்டின் தடம் நடுவில் தொடங்கி வெளிநோக்கிச் சுருளாக ஓடுவது. அதை நீட்டிவைத்தால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர் 1960-இல் வகுத்த பிழைதிருத்தும் முறையின் உதவியால், தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை அழிந்திருந்தாலும் கருவி இழந்ததைக் கணக்கிட்டு மீட்டுவிடும். குறுக்காக விழுந்த கீறலைத் தடம் நொடியில் கடந்துவிடுகிறது. தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் கெடுக்கிறது. வட்டமாகத் துடைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஐந்து தகடுகளும் கணினியில் ஏறக்குறைய முழுமையாகப் படிக்கப்பட்டன. சீட்டு ஒட்டிய தகடு வேறு கதை. சுருண்ட காகிதம் வெயிலில் ஏற்கெனவே விளிம்பில் நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளியைத் தூக்கிவிட்டிருந்தது. நாலு மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். விளிம்பில் சுற்று பெரிது. ஏறக்குறைய 12 நிமிடப் பேச்சு அதில் அடங்கும். தடம் நடுவில் தொடங்குவதால் பதிவின் தொடக்கம் பிழைத்தது, முடிவு போயிற்று. மெதுவாகப் படிக்கும் டிரைவுகள் மூன்றில் மாற்றி மாற்றி வைத்தும் பலனில்லை.

ஆசிரியர் கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்த தகடு அதுவே. மணல்மேட்டில் ஏறித் தப்பிய மீனவர் ஒருவரின் வாக்குமூலம். தம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இருளில் மேட்டின் அடிவாரத்தை அடையும் இடம்வரை அவர் சொல்கிறார். பின்பு கரகரப்பு, பின்பு ஒன்றுமில்லை.

அம்மையாரை அமரவைத்துப் போட்டுக் காட்டினோம். மீனவர் பேசிய நேரமெல்லாம் அவர் சேலைத் தலைப்பின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையிடையே ஆசிரியரின் குரல் வரும். அவர் கேட்ட கேள்வி பெரும்பாலும் ஒரே சொல்: "அப்புறம்?" அதைக் கேட்கும்போது மட்டும் அம்மையார் தலை நிமிர்ந்தார். முடிந்தபின், "அந்தக் கதை எனக்குத் தெரியும் சாமி. அவுக கேக்குறத மட்டும் மறுபடி போடுங்க" என்றார். போட்டோம்.

ஆண்டு நினைவு நாளில் ஊரார்முன் பதிவுகள் ஒலிபரப்பப்பட்டன. அம்பாப் பாட்டைக் கேட்ட இரு முதியவர்கள் தாமும் சேர்ந்து அடியெடுத்துப் பாடினார்கள். இளைஞர் செல்பேசியில் பிடித்துக்கொண்டார்கள். அம்மையார் வீட்டில் ஒன்று, ஊர் நூலகத்தில் ஒன்று, நம்மிடம் ஒன்று என மூன்று வன்தட்டுகளில் இப்போது படிகள் உள்ளன. தகட்டில் எழுதிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பவர்கள், வெயிலும் ஈரமும் மிகுந்த நம் கரையில், இந்த ஆண்டே அவற்றை எடுத்துப் படிசெய்ய வேண்டும். டிக்கியில் கிடக்கும் பெட்டியை நெம்பவோ உடைக்கவோ வேண்டாம். அதன் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, ஃபியூஸ் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்த்து, அசையாவிடில் பற்சக்கரம் அறிந்த ஒருவரிடம் கொண்டுசெல்லுங்கள். அத்தகைய முதியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் ஓரிருவர் உளர்.

அந்த மீனவரும் இன்று இல்லை. அவருடைய பேரன் தங்கச்சிமடத்தில் படகு வைத்திருக்கிறார். பாட்டனார் சொல்லிச் சொல்லிக் கேட்டதால் முடிவு தமக்குத் தெரியும் என்று அவரே வந்து சொன்னார். ஒரு ஞாயிறு மாலை அம்மையாரின் வீட்டுத் திண்ணையில் அதைப் பதிவு செய்தோம். 14 நிமிடம் வந்தது. இரண்டையும் சேர்த்து ஒரே பதிவாக ஆக்கித் தரட்டுமா என்று கணினி அறிந்த மாணவன் கேட்டான். அம்மையார் சம்மதிக்கவில்லை. "அது பெரியவர் சொன்னது, இது தம்பி சொல்றது. ஒட்ட வேண்டாம், பக்கத்துல வைங்க" என்றார். அவ்வாறே தனித்தனியாக வைத்துள்ளோம்.

பாய் கூலி வாங்க மறுத்துவிட்டார். வெறும் பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் மோட்டார்கள் வேறெதற்கேனும் உதவுமாம்.